பாட்டு எழுதிய தூரனும் கலைக்களஞ்சியத் தூரனும் ஒருவர்தானா?

கேள்வி இதுதான்: கச்சேரியில் 'தாயே திரிபுரசுந்தரி' கேட்டுவிட்டு எழுதியவர் யார் என்று தேடினால் பெரியசாமித் தூரன் என்று வருகிறது, அதே பெயரில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பதிப்பாசிரியர் ஒருவர் இருக்கிறார், சிறுவர் கதை எழுதிய தூரன் என்று இன்னொருவரும் தென்படுகிறார், இவர்கள் மூன்று பேரா, இரண்டு பேரா, ஒருவரேவா?

ஒருவரேதான். இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. பாட்டுக்காரர்களுக்குக் கலைக்களஞ்சியம் தெரியாது, நூலகத்தில் அந்தத் தடித்தடி புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு முதுகில் இருக்கும் பெயருக்கு ஒரு குரல் உண்டு என்பது தெரியாது, சின்ன வயதில் 'கொல்லிமலைக் குள்ளன்' படித்தவர்களுக்கோ எழுதியவர் பெயரே ஞாபகம் இருக்காது. எனக்கும் நெடுநாள் அப்படித்தான். பள்ளிக்கூட நூலகத்தில் அந்தக் கதையை வாசித்ததற்கும், 'முருகா முருகா' என்ற சாவேரி ராகப் பாட்டு இவருடையது என்று தெரிந்துகொண்டதற்கும் நடுவில் பதினைந்து வருடமாவது இருக்கும்.

சரி, ஆளைப் பற்றி முதலில். ம. ப. பெரியசாமித் தூரன் 1908 செப்டம்பர் 26-ல் மொடக்குறிச்சிக்குப் பக்கத்தில் மஞ்சக்காட்டுவலசு என்ற சிற்றூரில் பிறந்தார். இன்றைக்கு அது ஈரோடு மாவட்டம், அன்றைக்குக் கோயம்புத்தூர் ஜில்லா. விவசாயக் குடும்பம். 'தூரன்' என்பது புனைபெயர் என்று பலர் நினைக்கிறார்கள். கொங்கு வேளாளர்களில் அது ஒரு கூட்டத்தின், அதாவது குலப்பிரிவின் பெயர், பிறப்போடு வந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். அங்கே கணிதம் படித்தார் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கல்லூரியில் கொங்குநாட்டுப் பையன்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். பிற்காலத்தில் மத்திய அமைச்சரான சி. சுப்பிரமணியம் அதில் ஒருவர். வனமலர்ச் சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்து, 'பித்தன்' என்று ஒரு பத்திரிகையும் நடத்தினார்கள். தூரன் அதில் கதை எழுதினார், கவிதை எழுதினார். 1931 மார்ச் 23-ல் பகத்சிங்கைத் தூக்கிலிட்டார்கள். அந்தச் செய்தி வந்ததும் தூரன் பி.ஏ. இறுதித் தேர்வை எழுதவில்லை. ஒரு கிராமத்து விவசாயக் குடும்பம் பிள்ளையைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைப்பது அந்தக் காலத்தில் என்ன செலவு, என்ன கனவு என்று யோசித்தால் இந்த முடிவின் கனம் தெரியும். இருபத்திரண்டு வயது.

இதே மாணவப் பருவத்தில் இன்னொரு வேலையும் செய்தார். என் கணக்கில் அவருடைய பிற்கால வாழ்க்கைக்கு ஒத்திகை அதுதான். பாரதியார் 1921-ல் இறந்துவிட்டார். அவர் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் எழுதியவற்றில் பெரும்பகுதி நூலாக வராமல் பழைய இதழ்களுக்குள்ளேயே கிடந்தது. தூரன் அந்த இதழ்களை உட்கார்ந்து புரட்டி, பாரதி எழுதியதைக் கையாலேயே பிரதி எடுத்தார். ஜெராக்ஸ் கிடையாது, செல்போன் கேமரா கிடையாது, தொட்டால் உதிரும் தாளும் பேனாவும்தான். அப்படிச் சேர்த்தவை 1953-ல் 'பாரதி தமிழ்' என்று நூலாக வந்தன. இருபது வருடத்துக்கு மேல் கையில் வைத்திருந்து, காலவரிசை பார்த்து, பிறகுதான் வெளியிட்டார். பாரதியின் படைப்புகளை எந்தத் தேதியில் எழுதினார் என்ற வரிசையில் பார்க்க வேண்டும் என்பது இன்றைக்கு எல்லோருக்கும் தெரிந்த முறை. அன்றைக்கு அதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் மிகக் கொஞ்சம் பேர், இவர் அந்த முன்னோடிகளில் ஒருவர். பாரதி ஆய்வாளர்கள் இவரை இதற்காகவே தனியாக நினைவில் வைத்திருக்கிறார்கள். அது நாலாவது தூரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரிக்குப் பிறகு ஆசிரியர் வேலை. கொஞ்ச காலம் கோபிச்செட்டிபாளையத்தில், பிறகு நெடுங்காலம் கோவை இராமகிருஷ்ண வித்தியாலயத்தில். தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் காந்திய வழியில் தொடங்கிய உறைவிடப் பள்ளி அது, பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றைக்குப் பெரிய கல்வி வளாகமாக இருக்கிறது. உறைவிடப் பள்ளி என்றால் வாத்தியாருக்கு மணியடித்ததும் வீட்டுக்குப் போகும் வேலை இல்லை. பையன்களோடு சாப்பாடு, பையன்களோடு தோட்ட வேலை, சாயங்காலம் பிரார்த்தனை. குழந்தை எதைக் கேட்டால் கண்ணை விரிக்கும், எங்கே கொட்டாவி விடும் என்பது அங்கே தினசரி பாடம். அவர் எழுதிய மனவியல் நூல்களின் பட்டியலைப் பாருங்கள்: 'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்', 'மனம் என்னும் மாயக் குரங்கு'. பாதி பள்ளிக்கூடத்து அறைகளிலிருந்து வந்த தலைப்புகள். அறிவியலாக அவை இன்று பழசாகிவிட்டன, அதை ஒளிக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழில் மனவியலைப் பொதுவாசகருக்கு, அதுவும் இப்படிப் பேச்சுத் தோரணையில், சொன்னவர் அப்போது எத்தனை பேர்?

இனி கலைக்களஞ்சியம். இங்கே கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன்.

அவினாசிலிங்கம் 1946-ல் சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் ஆனார். தமிழ் வளர்ச்சிக் கழகம் என்ற அமைப்பு உருவானது, தமிழில் ஒரு முழுக் கலைக்களஞ்சியம் வேண்டும் என்ற திட்டம் சுதந்திரம் வந்த 1947-ல் அறிவிக்கப்பட்டது. முதன்மைப் பதிப்பாசிரியராகத் தன் வித்தியாலயத்து ஆசிரியரையே 1948-ல் கூட்டிக்கொண்டு வந்தார். தமக்கு வேண்டியவரைப் போட்டுக்கொண்டார் என்று இன்றைக்கு யாராவது பதிவு போடுவார்கள். பெரிய பல்கலைக்கழகப் பட்டங்களோடு எத்தனையோ பேர் இருந்தபோது தேர்வு எழுதாத ஒரு பள்ளி ஆசிரியரா என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அது அபாரமான தேர்வு. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்பு தமிழில் என்ன இருந்தது? யாழ்ப்பாணத்து முத்துத்தம்பிப் பிள்ளையின் 'அபிதான கோசம்' 1902-ல் வந்தது, சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' 1910-ல். இரண்டும் தனி மனிதர்களின் மலையளவு உழைப்பு. ஆனால் அவற்றில் கிடைப்பது பெரும்பாலும் புராணம், இலக்கியம், சமயம். நீராவி எஞ்சின் எப்படி ஓடுகிறது, ரத்தம் உடம்பில் எப்படிச் சுற்றுகிறது என்று தமிழில் ஒருவர் புரட்டிப் பார்க்க இடம் இல்லை. நடுவில் ஒரு திருத்தம்: தமிழ்க் கலைக்களஞ்சியம்தான் இந்திய மொழிகளிலேயே முதலாவது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது சரியில்லை. வங்காளத்தில் நகேந்திரநாத் பாசுவின் விசுவகோஷ், மராத்தியில் கேத்கரின் ஞானகோசம் எல்லாம் விடுதலைக்கு முன்பே வந்துவிட்டன. சுதந்திர இந்தியாவில் இந்த அளவில் எழுந்த முதல் பெருமுயற்சி என்று சொல்லுங்கள், போதும். அதுவே பெரிய விஷயம்.

வேலையின் அளவைப் பாருங்கள். பத்துத் தொகுதிகள், ஒவ்வொன்றும் சுமார் 750 பக்கம், ஏறத்தாழ 1,200 கட்டுரையாளர்கள். முதல் தொகுதி 1954-ல் வந்தது. அதாவது திட்டம் தொடங்கி ஆறு ஏழு வருடம் வெளியே காட்ட ஒரு புத்தகம் கிடையாது, இதற்கு அரசுப் பணமும் நன்கொடையும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த வருடங்களில் என்ன நடந்தது என்றால், முதலில் எதற்கெல்லாம் கட்டுரை வேண்டும் என்ற தலைப்புப் பட்டியல். அப்புறம் ஒவ்வொன்றும் எத்தனை வரி, எத்தனை பக்கம், யார் எழுதுவது. எழுத ஒப்புக்கொண்ட அறிவியல் பேராசிரியர்களில் பலருக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வரும், அதை வாங்கித் தமிழாக்க வேண்டும். தமிழாக்கப் போனால் கலைச்சொல் இல்லை. இருக்கும் இடத்தில் மூன்று இருக்கும், அதில் ஒன்று வடமொழி, ஒன்று தனித்தமிழ், ஒன்று ஆங்கிலத்தின் ஒலிபெயர்ப்பு, மூன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு, அவர்கள் ஒருவரோடொருவர் பேசமாட்டார்கள்!

அகரவரிசைக்கும் ஒரு தனிக் கொடுமை உண்டு. வரிசை என்று வந்துவிட்டால் 'அ'வில் ஆரம்பிக்கும் கட்டுரை முதலில் கைக்கு வந்தாக வேண்டும். 'அ'வில் ஒருவர் தாமதம் செய்தால் தொகுதி நிற்கும். அதோடு ஒரு பொருளை எந்தப் பெயரில் வைப்பது என்ற முடிவை முதல் தொகுதி அச்சுக்குப் போகும் முன்பே எடுத்துவிட வேண்டும். 'அ'வில் போட்டிருக்க வேண்டியதை விட்டுவிட்டோம் என்று 'த'வுக்கு வந்த பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஈய எழுத்தைக் கையால் கோத்து, மெய்ப்புத் திருத்தி, படங்களுக்குப் பிளாக் செய்து அடித்த காலம். இன்று நாம் ஒரு சொடுக்கில் திருத்துகிறோமே, அந்த வசதியை மறந்துவிட்டு இதை யோசிக்க வேண்டும்.

கணிதம் படித்ததை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா, இங்கேதான் அது வேலை செய்தது. அறிவியல் கட்டுரை வந்தால் மிரளாத ஒருவர், கவிதை எழுதத் தெரிந்த ஒருவர், பையன்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லியே பதினைந்து வருடம் ஓட்டிய ஒருவர், மூன்றும் ஒரே ஆளாகக் கிடைப்பது சுலபமா? பேராசிரியர் எழுதினால் அடுத்த பேராசிரியரை மனதில் வைத்து எழுதுவார். வாத்தியார் மட்டும்தான் தெரியாதவனை மனதில் வைத்து எழுதுவார். தூரனின் எல்லா வேலைகளுக்கும் ஒரே சாவி இது என்று நான் நினைக்கிறேன். அந்தக் கட்டுரைகளில் வாக்கியங்கள் குட்டையாக இருக்கும், மொழி தனித்தமிழுக்கும் போகாமல், வடமொழி கலந்த மணிப்பிரவாளத்துக்கும் போகாமல் நடுவில் நிற்கும். அந்த நடுநிலைக்கு இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கியிருப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

காலம் வேறு ஓடிக்கொண்டிருந்தது. முதல் தொகுதி வந்தபோது கடையில் அணாக் கணக்கு, 1957-ல் நயா பைசா வந்துவிட்டது. 1956-ல் மொழிவழி மாநிலங்கள் வந்து வரைபடமே மாறியது. 1961-ல் மனிதன் விண்வெளிக்குப் போனான். அகரவரிசை 1963-ல் ஒன்பதாம் தொகுதியோடு முடிந்தது, ஆனால் முதல் தொகுதிக்கு அதற்குள் ஒன்பது வயது. விட்டுப்போனதையும் புதிதாக வந்ததையும் சேர்த்து 1968-ல் பத்தாவதாக ஓர் இணைப்புத் தொகுதி போட்டார்கள். அதற்கும் அடுத்த ஜனவரியிலேயே சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆகிவிட்டது என்பது வேறு கதை.

அந்த 1968-ல்தான் அவருக்குப் பத்மபூஷண் கிடைத்தது. வயது அறுபது. வேறு யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். இவர் அதே வருடம் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார். அதுவும் பத்துத் தொகுதி, 1976-ல் முடிந்தது, நாற்பது வயதில் ஏறிய நாற்காலியில் அறுபத்தெட்டு வயது வரை. பெரியதைச் சுருக்கிச் சின்னதாக்கினார்கள் என்று நினைத்தால் ஒரு தொகுதியைத் திறந்து பாருங்கள். மெல்லிய புத்தகங்கள், வண்ணப் படங்கள், கட்டுரைகள் அப்படியே பேசுகிற தொனியில் ஆரம்பிக்கும். பெரியவர்களுக்கு எழுதும்போது ஒரு கலைச்சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். எட்டு வயதுக் குழந்தைக்கு அந்தச் சொல்லையே உடைத்துச் சொல்ல வேண்டும், உடைக்கப் போனால் நமக்கே அது சரியாகப் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். இரண்டில் எது கடினம் என்று என்னைக் கேட்டால் குழந்தைகளுக்கானது என்றுதான் சொல்வேன்.

சிறுவர் கதைகளுக்கு வருவோம். 'கொல்லிமலைக் குள்ளன்', 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்', 'தரங்கம்பாடித் தங்கப் புதையல்', 'மாயக்கள்ளன்', 'ஓலைக்கிளி', 'சூரப்புலி', 'நாட்டிய ராணி', 'ஆனையும் பூனையும்', 'மஞ்சள் முட்டை' என்று நிறைய. முதல் மூன்று தலைப்பையும் பாருங்கள், மூன்றிலும் ஊர் இருக்கிறது. சாகசக் கதை என்றால் ஆப்பிரிக்கக் காடும் பேர் தெரியாத தீவும்தான் என்று மொழிபெயர்ப்புகள் பழக்கிவைத்திருந்த இடத்தில், பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடக்கூடிய மலையையும் கோட்டையையும் வைத்துக் கதை சொன்னார். அது சின்ன விஷயம் இல்லை.

'சூரப்புலி' என்ற பெயரைப் பார்த்துப் புலிக் கதை என்று நினைத்துவிடாதீர்கள், அது ஒரு நாயின் பெயர். இதில் எனக்கு ஒரு ஊகம் உண்டு: ஜாக் லண்டனின் புகழ்பெற்ற நாய்க் கதையை 'கானகத்தின் குரல்' என்று தமிழாக்கியவரும் இவரே. வளர்ப்பு நாய் காட்டுக்குப் போகும் அந்தக் கதை இவரை விடவே இல்லை போலிருக்கிறது. ஊகம்தான், சண்டைக்கு வராதீர்கள்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சில கதைகளில் வாத்தியார் நடுவில் எட்டிப் பார்ப்பார், நல்ல பிள்ளைகள் ரொம்பவே நல்ல பிள்ளைகளாக இருப்பார்கள். இன்றைய குழந்தைக்கு வேகம் கொஞ்சம் கம்மியாகத் தெரியலாம். பெரியவர்களுக்கு எழுதிய சிறுகதைகளும் நாடகங்களும் என்னை அவ்வளவாக இழுக்கவில்லை. நாட்டுப்பாடல்களை வைத்து எழுதிய 'காற்றில் வந்த கவிதை' மட்டும் விதிவிலக்கு, வயல்வெளியில் கேட்டு வளர்ந்தவர் எழுதியது என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

பாட்டு விஷயம் உங்களுக்கே தெரியும் என்பதால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சுமார் 600 கீர்த்தனைகள் எழுதியிருக்கிறார். 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கி, தமிழில் பாட உருப்படி எங்கே இருக்கிறது என்று மேடையில் கேள்வி எழுந்துகொண்டிருந்த காலத்தில் இவருடைய பாடல்கள் நேரான விடையாக வந்தன. பிருந்தாவன சாரங்கா ராகத்தில் 'கலியுக வரதன்', துவிஜாவந்தியில் 'எங்கு நான் செல்வேனய்யா', கீரவாணியில் 'புண்ணியம் ஒரு கோடி', மாண்டில் 'முரளீதரா கோபாலா', எல்லாம் இவர்தான். வரிகளைக் கவனியுங்கள், அகராதியைத் தேட வைக்கிற சொல் அநேகமாக இருக்காது. அங்கேயும் அதே வாத்தியார். தமிழ் இசைச் சங்கம் 1972-ல் இசைப் பேரறிஞர் பட்டம் கொடுத்தது. 1987 ஜனவரி 20-ல் காலமானார்.

அவருடைய கலைக்களஞ்சியங்களுக்குப் பிறகு தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் வாழ்வியற் களஞ்சியமும் அறிவியல் களஞ்சியமும் வந்தன, பிறகு இணையம் வந்தது. தமிழ் விக்கி என்ற இணையக் கலைக்களஞ்சியம் 2022 முதல் தூரன் பெயரில் ஒரு விருது கொடுத்துவருகிறது. இப்போதாவது இந்தப் பெயர் கொஞ்சம் வெளியே கேட்கிறது.

எங்கே படிப்பது என்று அடுத்து கேட்பீர்கள். அவருடைய நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன, கதைகள் பலவும் தமிழ் விக்கிமூலம் என்ற இணைய நூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. இரண்டு கலைக்களஞ்சியங்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இருக்கின்றன. வீட்டில் ஒன்பது பத்து வயதுக் குழந்தை இருந்தால் 'கொல்லிமலைக் குள்ளன்' வாசித்துக் காட்டிப் பாருங்கள். உங்களுக்கென்று எடுப்பதானால் பெரிய கலைக்களஞ்சியத்தில் நீங்கள் வேலை பார்க்கும் துறை எதுவோ அதைத் தேடி, 1950-களில் அதை எந்தச் சொற்களில் சொல்லியிருக்கிறார்கள் என்று பாருங்கள். இதையெல்லாம் இப்போதுதான் தமிழில் எழுத முடிகிறது என்று நினைத்திருந்த சில விஷயங்கள் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.